ஆல்ஃபிரட் டெல்லரைக் கோவென்ட் கார்டன் ஏன் விட்டுவிட்டது?

கேள்வி:

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தாம் எழுதித் தாமே நடத்திய ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ ஓபராவின் 1966ஆம் ஆண்டு ஒலிப்பதிவைக் கொஞ்ச நாளாகக் கேட்டு வருகிறேன். தேவதைகளின் அரசன் ஓபெரானாக அதில் பாடுபவர் ஆல்ஃபிரட் டெல்லர். 1960 ஜூனில் ஆல்ட்பரா விழாவில் ஓபரா அரங்கேறியபோதும் அவரே பாடினார். ஆனால் அடுத்த ஆண்டு அது லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கத்துக்குப் போனபோது அவரை விட்டுவிட்டு அமெரிக்கரான ரசல் ஓபர்லினை அழைத்திருக்கிறார்கள். யாருடைய குரலை மனத்தில் வைத்துப் பாத்திரம் எழுதப்பட்டதோ, அவரையே ஒதுக்கும் அளவுக்கு என்ன குறை கண்டார்கள்? முன்னோடிக்கே இந்தக் கதி என்றால், பின்னால் வந்த கவுண்டர்டெனர்கள் (பெண் குரலின் உயரத்தில் பாடும் ஆண்கள்) ஓபராவை நம்பிப் பிழைக்க எப்படி முடிந்தது?

முதல் பதில்:

குரலில் குறை கண்டார்கள் என்பதைவிட, அந்தக் குரல் வளர்ந்த இடம் வேறு என்பதே பொருத்தம். 1912இல் மார்கேட்டில் பிறந்த டெல்லர் இசைக் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். குரல் உடைந்த பிறகும் மேல் ஸ்தாயியில் பாடுவதை அவர் விடவில்லை; மரச்சாமான் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தேவாலயத்தில் பாடி வந்தார். ஆங்கிலேயப் பேராலயங்களின் பாடகர் குழுக்களில் ஆல்டோ என்ற உயர்குரல் வரிசையை ஆண்களே பாடும் வழக்கம் அறுபடாமல் இருந்ததால், 1940இல் கேன்டர்பரி பேராலயத்தில் அவருக்குச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது. அங்கே அவர் பாடக் கேட்ட இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட், லண்டன் மோர்லி கல்லூரிக் கச்சேரிகளுக்கு அழைத்து வந்து பதினேழாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பர்செலின் பாடல்களைப் பாடவைத்தார். 1946இல் பிபிசி தனது மூன்றாவது வானொலிச் சேவையைத் தொடங்கிய இரவில் டெல்லரின் குரல் நாடெங்கும் கேட்டது. மறு ஆண்டே செயின்ட் பால் பேராலயத்தில் சேர்ந்தார்.

இவையெல்லாம் கல் சுவரும் ஒலிவாங்கியும் குரலுக்குத் துணை நின்ற இடங்கள். 48 வயதில் வேடம் கட்டி மேடையேறும் வரை அவருக்கு நாடகப் பயிற்சி என்று சொல்லும்படி ஏதும் இருந்ததில்லை. ஆல்ட்பராவின் ஜூபிலி மண்டபத்தில் ஏறத்தாழ 300 பேர்தான் அமர முடியும். அங்கேயே அவருடைய நடிப்பைப் பத்திரிகை விமர்சகர்கள் குறை கூறினார்கள். கோவென்ட் கார்டனோ 2,000 இருக்கைகளுக்கு மேற்பட்ட அரங்கம். இருந்தும் பிரிட்டன் அவரைக் கைவிடவில்லை என்பதற்குத் தாங்கள் கேட்டுவரும் ஒலிப்பதிவே சான்று. ஓபெரான் பாடும் இடங்களில் செலஸ்டாவும் (மணியோசை தரும் விசைப்பலகை வாத்தியம்) ஹார்ப்பும் மெல்லத் தொடர்வதையும், வரிகள் பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலேயே உலவுவதையும் கவனியுங்கள். அந்த ஒருவருடைய தொண்டைக்கு அளவெடுத்து எழுதியது அது.

இரண்டாம் பதில்:

அரங்கின் அளவையும் நடிப்பையும் மட்டும் காரணமாக்குவது எனக்கு முழுமையாகப் படவில்லை. ஓபர்லின் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். தாம் பாடுவது கள்ளத் தொண்டையே (இயல்புக் குரலை விட்டு மெல்லிய உயர்குரலில் பாடும் முறை) அல்ல, இயல்பிலேயே உயர்ந்த டெனர் குரல் என்று சொல்லி வந்தவர். அத்தகையவரைத் தேர்ந்ததில் குரல் முறை பற்றிய தீர்ப்பும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

பெரும்பாலான கவுண்டர்டெனர்கள் பேசும்போது பாரிடோன்களே, அதாவது நடுத்தர ஆண் குரல் உள்ளவர்களே. கள்ளத் தொண்டையில் குரல் நாண்கள் நீண்டு மெலிந்து, விளிம்புகள் மட்டும் அதிர்கின்றன. நாண்கள் சரியாகச் சேராவிட்டால் காற்று கசிந்து ஒலி பூஞ்சையாகிவிடும். கசிவை அடைத்து, மூச்சின் பலத்தில் ஒலியை அரங்கின் கடைசி வரிசைவரை அனுப்பவும், கீழே மார்புக் குரலுக்கு இறங்கும்போது ஒட்டுத் தெரியாமல் பாடவும் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். டெல்லரின் அழகு நுணுக்கத்தில் இருந்தது, பலத்தில் அன்று.

ஓபராவுக்கு வேண்டிய பலம் ஜேம்ஸ் பௌமனிடம் இருந்தது. ஈலி பேராலயத்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பாடி வளர்ந்த அவரும் தேவாலயப் பிள்ளைதான். ஆனால் 1967இல் ஓபெரானை ஏற்றவர், 1970இல் கவாலியின் ‘லா கலிஸ்டோ’வில் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவின் மேடை கண்டார், 1973இல் ‘டெத் இன் வெனிஸ்’ ஓபராவில் அப்போலோவின் குரலைப் பிரிட்டன் அவருக்காகவே எழுதினார். அவருடைய லண்டன் விடைபெறும் கச்சேரி 2011இல் விக்மோர் ஹாலில் நடந்தது. ஒப்பிட்டால், ஓபர்லின் நாற்பது வயதை எட்டுமுன்பே பாடுவதை நிறுத்தி ஆசிரியப் பணிக்குப் போய்விட்டார்.

மூன்றாம் பதில்:

பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாடுவதற்குப் பாத்திரம் வேண்டுமே! புகழ்பெற்ற இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர்களான வெர்டியிலும் புச்சினியிலும் கவுண்டர்டெனருக்கு ஒன்றுமே இல்லை. அவர்களுக்குச் சோறு போடுவது பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டல். 1724இல் லண்டனில் அரங்கேறிய ‘ஜூலியோ செசாரே’யின் நாயகன் சீசர் வேடம், உயர்ந்த குரல் மாறாதிருக்கச் சிறுவயதிலேயே காயடிக்கப்பட்ட பாடகரான செனெசினோவுக்கு எழுதப்பட்டது. அத்தகைய பாடகர்கள் மறைந்தபின், இருபதாம் நூற்றாண்டில் அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி ஆண் குரலுக்குக் கொடுத்தார்கள். 1966இல் நியூயார்க் சிட்டி ஓபராவில் சீசராகப் பாடிய நார்மன் ட்ரெய்கிள் ஒரு பாஸ்-பாரிடோன், அதாவது கனத்த ஆண் குரல் உள்ளவர். லண்டனில் 1979இல் இங்கிலிஷ் நேஷனல் ஓபரா அதை மேடையேற்றியபோதும் சீசர் வேடம் ஜேனட் பேக்கர் என்ற பெண்மணிக்கும், வில்லன் டாலமி வேடம் பௌமனுக்கும் போயின. கதாநாயகன் என்ற மதிப்பு பின்னர்தான் வந்தது. 2012இல் பிரான்சின் நான்சி நகரில், ஹேண்டல் காலத்து இசையமைப்பாளர் வின்சியின் ‘அர்தசெர்சே’யை ஐந்து கவுண்டர்டெனர்களை வைத்தே நடத்தினார்கள். டெல்லர் காலத்தில் இதை யாரும் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த வேடங்களுக்கு மெஸ்ஸோ (நடுத்தரப் பெண் குரல்) பாடகிகளோடு போட்டி இன்றும் உண்டு.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பிரிட்டனுக்குப் பிறகு இந்தக் குரலை மையமாக வைத்துப் புதிதாக எழுதியவர்கள் உண்டா?

மூன்றாம் பதிலளித்தவர்:

உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் பண்டைய எகிப்திய மன்னனைப் பற்றி எழுதிய ‘அக்நாதன்’ 1984இல் ஸ்டுட்கார்ட்டில் அரங்கேறியது. மன்னனாகக் கவுண்டர்டெனர் பால் எஸ்வுட் பாடினார். அரங்கின் வாத்தியக் குழி சிறியதாக இருந்ததால் வயலின்களையே நீக்கிவிட்டு எழுதினார் கிளாஸ். இடநெருக்கடிக்குச் செய்த ஏற்பாடுதான், ஆனால் வயோலாக்களின் (வயலினைவிடத் தாழ்ந்த ஒலியுள்ள வாத்தியம்) இருண்ட ஒலிக்கு மேலே மன்னனின் குரல் தனித்து எழுகிறது. அதுவும் முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில்தான் அவன் வாயே திறக்கிறான். 2019இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அதே வேடத்தைப் பாடிய அந்தோணி ராத் காஸ்டான்சோ, 2024இல் ஓபரா பிலடெல்பியா நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.