தந்தையர் மாறினார்களா, இதழ் மாறியதா? உள்ளடக்கப் பகுப்பாய்வைக் கொண்டு சமூக மாற்றத்தை அளப்பது பற்றி ஓர் ஐயம்

ஆய்வு மாணவி எழுதியது:

வணக்கம். குடும்ப மாத இதழ் ஒன்றில் 1960 முதல் 2019 வரை வெளிவந்த சிறுகதைகளில் தந்தை எவ்வாறு சித்திரிக்கப்படுகிறார் என்பதை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறேன். தந்தைப் பாத்திரம் செய்யும் செயல்களைப் பொருளீட்டல், கண்டித்தல், அறிவுரை கூறல், குழந்தையைக் கவனித்தல் என்று வகைப்படுத்திக் குறியிட்டு எண்ணுகிறேன் (உள்ளடக்கப் பகுப்பாய்வு என்பது இந்த முறைதான்). முன்னோட்டமாக 1960களையும் 2010களையும் மட்டும் எடுத்து எண்ணிப் பார்த்ததில், குழந்தையைக் குளிப்பாட்டுகிற, உணவூட்டுகிற, நோயுற்ற இரவில் உடன் விழித்திருக்கிற தந்தையர் பிற்காலக் கதைகளில் தெளிவாகக் கூடியிருக்கிறார்கள். அந்த இயலுக்குத் "தந்தைமையின் மாற்றம்" என்று தலைப்பிட்டு அனுப்பினேன். என் நெறியாளர் ஓரத்தில் ஒரே ஒரு வினாவை எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்: "தந்தையர் மாறினார்களா, இதழ் மாறியதா?"

கதைகளை எண்ணிப் பெற்ற முடிவிலிருந்து சமூகத்தைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதே என் முதன்மையான ஐயம். அறுபது ஆண்டு இதழ்கள் அனைத்தையும் படிக்க இயலாது என்பதால், எவ்வாறு மாதிரி எடுப்பது, என்னுடன் குறியிடப்போகும் மற்றொருவரின் தீர்ப்பும் என் தீர்ப்பும் ஒத்துப்போவதை எவ்வாறு காட்டுவது என்பவற்றையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சமூகவியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

நெறியாளர் கேட்டது மிகச் சரியான வினா. இந்தத் துறையில் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயரும் உண்டு. சமூகவியலாளர் ரால்ஃப் லாரோசா 1988இல் எழுதிய கட்டுரையில், தந்தைமையின் பண்பாடு என்பதையும் தந்தைமையின் நடத்தை என்பதையும் பிரித்துக் காட்டினார். தந்தை எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கிறார் என்று ஒரு சமூகம் பேசிக்கொள்வது முதலாவது. வீட்டுக்குள் தந்தையர் உண்மையில் செய்வது இரண்டாவது. இவ்விரண்டும் ஒரே வேகத்தில் நகர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும், பேச்சு முன்னே ஓடி நடத்தை பின்தங்கக்கூடும் என்பதும் அவருடைய வாதம். உங்கள் கதைகள் முதலாவதற்குச் சான்றாகும். இரண்டாவதைப் பற்றி அவை நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

இதன் மறுதலையும் நிகழ்வதுண்டு. 1972இல் லெனோர் வைட்ஸ்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் சிறந்த படநூல்களுக்குத் தரப்படும் கால்டெகாட் பதக்கத்தைப் பெற்ற குழந்தை நூல்களை ஆராய்ந்தபோது, அவற்றில் வீட்டுக்கு வெளியே வேலை பார்க்கும் பெண் ஒருவரைக்கூடக் காண முடியவில்லை. அதே காலத்தில் அந்நாட்டு வயதுவந்த பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேற்பட்டோர் வேலைச் சந்தையில் இருந்தார்கள். அந்தப் படநூல்களை மட்டும் படித்து அமெரிக்கப் பெண்களைப் பற்றி முடிவு கட்டுபவர் எவ்வளவு தவறான இடத்துக்குப் போய்ச் சேருவார் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்த ஆய்வு அதனால் பயனற்றதாகிவிடவில்லை. குழந்தைகளுக்கு எந்த உலகம் காட்டப்படுகிறது என்பதே ஒரு சமூக உண்மை. நடப்புக்கும் சித்திரிப்புக்கும் இடையே அத்தனை பெரிய இடைவெளி இருந்ததுதான் அதன் கண்டுபிடிப்பு.

ஆகவே நடத்தையைப் பற்றியும் பேச விரும்பினால், கதைகளுக்கு வெளியே இருந்து ஓர் அளவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்க வேண்டும். மக்கள் ஒரு நாளின் நேரத்தை எவ்வாறு செலவிட்டார்கள் என்று நாட்குறிப்பு முறையில் பதிவுசெய்யும் நேரப் பயன்பாட்டு ஆய்வுகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. அலெக்சாந்தர் சலாய் தலைமையில் 1960களின் நடுப்பகுதியில் 12 நாடுகளில் அத்தகைய ஆய்வு நடந்தது. அமெரிக்கத் தரவுகளின்படி, தந்தையர் குழந்தைப் பராமரிப்புக்குச் செலவிட்ட நேரம் 1965இல் வாரத்துக்கு ஏறத்தாழ 2.5 மணியாக இருந்து 2011இல் ஏறத்தாழ 7 மணியாக உயர்ந்தது. உங்கள் இதழ் வெளியான சமூகத்துக்கு அத்தகைய தரவு கிடைக்குமானால், இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து, எது முன்னே செல்கிறது, எது பின்தொடர்கிறது என்று பாருங்கள். அவை ஒன்றாக ஏறினால் மட்டுமே ஆய்வு வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். பிரிந்து செல்லும் ஆண்டுகளில்தான் எழுதுவதற்கு நிறைய இருக்கும்.

வகைப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. லியோ லோவென்தால் 1944இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க வெகுசன இதழ்களில் வந்த வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அரசியல்வாதிகளும் தொழிலதிபர்களும் இருந்த இடத்துக்குக் கேளிக்கைத் துறையினர் வந்துவிட்டதைக் காட்டியது. உற்பத்தியின் நாயகர்கள் போய் நுகர்வின் நாயகர்கள் வந்தார்கள் என்பது அதன் புகழ்பெற்ற முடிவு. ஆனால் எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி அதுவன்று. கேளிக்கைத் துறை என்ற வகைக்குள்ளேயே அவர் மீண்டும் நுழைந்து பார்க்கிறார். நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வகையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுத்தாளர், இசைக்கலைஞர் போன்ற உயர்கலை சார்ந்தவர்கள். 1940-41இல் பத்தில் ஒருவர்கூட அப்படிப்பட்டவர் அல்லர். மேல்வகையோடு நின்றிருந்தால் பாதி மாற்றம் கண்ணில் படாமலே போயிருக்கும். "குழந்தையைக் கவனித்தல்" என்ற உங்கள் வகையும் அவ்வாறே பெரிது. தாய் ஊருக்குப் போயிருக்கும்போது தடுமாறிக்கொண்டே சோறூட்டும் தந்தையையும், அன்றாடம் இயல்பாக ஊட்டும் தந்தையையும் ஒரே குறியீட்டின் கீழ் போட்டால், நகைச்சுவைக்கும் நெறிக்கும் வேறுபாடு அழிந்துவிடும்.

தரவுப் பகுப்பாய்வாளர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். மாதிரி பற்றியும் குறியீட்டாளர் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் ஒப்பிடும் முன்னோட்டத்தை முன்னோட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஜேனிஸ் மக்கேபும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 1900 முதல் 2000 வரை அமெரிக்காவில் வெளியான 5,618 குழந்தை நூல்களில் ஆண், பெண் பாத்திரங்களின் விகிதத்தைக் கணக்கிட்டார்கள். ஏற்றத்தாழ்வு சீராகக் குறைந்துகொண்டே வரவில்லை. நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது முன்னைவிடப் பெரிதாகிப் பிறகே குறைந்தது. இரு முனைகளை மட்டும் பார்த்தவருக்கு அந்த மேடு தெரிந்திருக்காது. உங்களுடைய 1960களுக்கும் 2010களுக்கும் இடையே கோடு நேராகத்தான் செல்கிறது என்று நினைக்க இப்போதைக்கு எந்த ஆதாரமும் இல்லை.

மாத இதழ் என்பதால் மாதிரி எடுப்பது எளிது. ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு சனவரி, ஒரு பிப்ரவரி என்று பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒவ்வோர் இதழைக் குலுக்கல் முறையில் எடுத்தால், கட்டமைக்கப்பட்ட ஓர் ஆண்டு கிடைக்கும். மொத்தம் 144 இதழ்கள். ஒருவரால் முடிக்கக்கூடிய வேலைதான். சிறப்பிதழ், விடுமுறைக்கால இதழ் முதலியவற்றின் சாய்வும் இதனால் சமன்படும். நாளிதழ்களுக்குக் கட்டமைக்கப்பட்ட வாரம் என்று செய்வதும் இதே தர்க்கத்தின்படிதான்.

எண்ணும்போது வகுக்கும் எண்ணை மறந்துவிடாதீர்கள். இதழின் பக்கங்கள் கூடியிருந்தால் எல்லா வகைத் தந்தையரும் கூடியிருப்பார்கள். மொத்தக் கதைகளில் எத்தனை, தந்தை வரும் கதைகளில் எத்தனை, தந்தையின் செயல்களில் எத்தனை என்ற மூன்று விகிதங்களும் மூன்று வேறு செய்திகளைச் சொல்லும். அவற்றில் எது உங்கள் கருதுகோளுக்கு உரியது என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவது நல்லது.

குறியீட்டாளர் ஒப்புமைக்கு வெறும் விழுக்காட்டைக் கொடுக்காதீர்கள். நூறு கதைகளில் பத்தில் மட்டுமே கவனிக்கும் தந்தை வருகிறார் என்று கொள்வோம். இருவரும் கதையைப் படிக்காமலே, அதே விகிதத்தில் தோன்றியபடி குறியிட்டாலும், எதிர்பார்க்கத்தக்க ஒப்புமை 82 விழுக்காடு (இருவரும் "இல்லை" என்பது 81, இருவரும் "உண்டு" என்பது 1). இந்தத் தற்செயல் பகுதியைக் கழித்துக் கணக்கிடுவதற்காகத்தான் கோஹனின் கப்பா, கிரிப்பென்டார்ஃபின் ஆல்ஃபா போன்ற அளவைகள் இருக்கின்றன. முழு ஒப்புமை இருந்தால் ஆல்ஃபா 1 ஆகும். அது 0.80க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.667க்கும் 0.80க்கும் இடையே இருந்தால் தற்காலிக முடிவுகளை மட்டுமே சொல்லலாம். அதற்கும் கீழே போனால் நம்பக் கூடாது என்பது கிரிப்பென்டார்ஃப் தந்த வழிகாட்டல். அப்படி நேர்ந்தால் வகையை மாற்றி எழுதிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. நீங்கள் 1960இல் தொடங்கி வரிசையாகக் குறியிட்டுக்கொண்டே வந்தால், 2010களை அடையும்போது உங்கள் கண் பழகியிருக்கும். தொடக்கத்தில் தவறவிட்ட சிறு செயல்களெல்லாம் இப்போது தெரியும். அந்தப் பழக்கமே காலப்போக்கில் ஏறுகிற ஒரு கோட்டை உருவாக்கிவிடும். எனவே கதைகளைக் காலவரிசை கலைத்துப் படியுங்கள். இயன்றால் ஆண்டு தெரியாதவாறு தட்டச்சு செய்த படியைக் கொண்டு குறியிடுங்கள். தொடக்கத்தில் குறியிட்ட சில கதைகளை இறுதியில் மீண்டும் குறியிட்டு, உங்களோடு நீங்களே ஒத்துப்போகிறீர்களா என்றும் பாருங்கள்.

சற்று விலகி ஒன்று: 1976இல் டுவைட் ராபின்சன் என்பவர் லண்டனின் படச் செய்தியிதழ் ஒன்றில் 1842 முதல் 1972 வரை வந்த ஆண்களின் படங்களை எடுத்து, தாடி, மீசை, கிருதா ஆகியவற்றை எண்ணி ஒரு நீண்டகால அலையைக் காட்டினார். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் தாடி இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு குறியீட்டாளர்கள் சண்டையிட மாட்டார்கள். "கவனிப்பு" என்ற கருத்துக்கு அந்த வசதி இல்லை என்பதால் உங்கள் குறியீட்டுக் கையேடு நீளமாகத்தான் இருக்கும்.

முன்னாள் துணையாசிரியர் எழுதியது:

இதழ் அலுவலகத்தின் உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் இருவருடனும் சற்று மாறுபடுகிறேன். மாதிரியும் ஆல்ஃபாவும் சரியாக இருந்தாலும், நீங்கள் அளப்பது கதைகளை மட்டுமல்ல. ஒரு தேர்வு முறையையும்தான். அஞ்சலில் வந்த கதைகளில் பெரும்பாலானவை அச்சேறியதே இல்லை. ஆசிரியர் மாறினால் கதைகளின் சுவை ஓர் ஆண்டுக்குள் மாறிவிடும். விளம்பரதாரர்கள் இளம் பெற்றோரைக் குறிவைக்கத் தொடங்கினால் கதைகளும் இளம் பெற்றோரைப் பற்றியவையாகும். எழுதுபவர்களில் பெண்கள் கூடினால் தந்தையைப் பார்க்கும் கோணமே வேறாகும். இவற்றுள் எதுவும் நிகழாமலே தந்தையர் மாறியிருக்கலாம், எல்லாம் நிகழ்ந்தும் அவர்கள் மாறாமலே இருந்திருக்கலாம்.

ஆகவே ஆசிரியர் பொறுப்பு கைமாறிய ஆண்டுகள், உரிமையாளர் மாறிய ஆண்டு, விலையும் பக்கங்களும் மாறிய ஆண்டுகள், கதைப் போட்டி நடத்திய ஆண்டுகள் ஆகியவற்றை முதலில் ஓர் அட்டவணையாக்குங்கள். உங்கள் கோடு திடீரென்று வளையும் இடம் அந்த ஆண்டுகளில் ஒன்றோடு பொருந்துமானால், நெறியாளரின் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. வாசகர் தளத்தில் வேறுபடும் இன்னோர் இதழையும் சிறிய அளவிலாவது உடன் எடுத்துக்கொள்ள முடிந்தால் மிக நல்லது. வெவ்வேறு ஆசிரியர்களின் கீழ் இரண்டு இதழ்களும் ஒரே பத்தாண்டில் ஒரே திசையில் திரும்பினால், அதை அலுவலக விவகாரம் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆய்வு மாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் மாற்றங்களை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. முதல் பக்க விவரங்களிலிருந்து அந்த அட்டவணையைத் தயாரிக்க இயலும். இன்னும் ஒரு கேள்வி: இதழின் மின்படிகள் கிடைக்கின்றன. "அப்பா" என்ற சொல்லுக்கு அருகில் வரும் வினைச்சொற்களைக் கணினியைக் கொண்டு எண்ணினால் மாதிரியே தேவைப்படாது என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். அது சரியாகுமா?

தரவுப் பகுப்பாய்வாளர் எழுதியது:

துணையாகச் செய்யலாம், மாற்றாகச் செய்ய வேண்டாம். கூகுள் 2010இல் வெளியிட்ட நூல் தரவுத்தொகுப்பு ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைக் கொண்டது. அத்தனை பெரிய தொகுப்பிலும் காலம் செல்லச் செல்ல அறிவியல் எழுத்தின் பங்கு கூடிக்கொண்டே வந்ததால், சில சொற்களின் ஏற்ற இறக்கம் சமூகத்தைக் காட்டாமல் தொகுப்பின் கலவையைக் காட்டுகிறது என்று 2015இல் சுட்டிக்காட்டப்பட்டது. அளவு பெரிதாவதால் சாய்வு மறைந்துவிடாது. உங்களுக்கு வேறு இடர்களும் உண்டு. "அவர்" என்று மட்டும் குறிப்பிடப்படும் தந்தையைக் கணினி எளிதில் அடையாளம் காணாது. பழைய இதழ்களின் மங்கிய எழுத்துகளை மின்படி தவறாகப் படித்திருந்தால், பிழைகள் தொடக்கப் பத்தாண்டுகளிலேயே குவிந்து, அங்கே தந்தையர் குறைவாக இருப்பதைப் போன்ற தோற்றத்தைத் தரும். முதலில் மனிதர்கள் குறியிட்ட 144 இதழ்களின் முடிவோடு கணினியின் முடிவைப் பத்தாண்டு வாரியாக ஒப்பிடுங்கள். எல்லாப் பத்தாண்டுகளிலும் பிழை ஒரே அளவில் இருந்தால் மட்டும் மீதி இதழ்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

சமூகவியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

துணையாசிரியர் சொன்னதற்கு ஒரு சிறு சேர்க்கை. ஆசிரியர் மாறியதால் கதைகள் மாறின என்று தெரிந்தாலும் ஆய்வு அங்கே முடிந்துவிடுவதில்லை. அத்தகைய கதைகளை விரும்பும் ஒருவர் அந்தப் பத்தாண்டில் ஏன் அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டார் என்பதும் சமூக மாற்றம் பற்றிய வினாவே. அதற்கு எண்கள் போதா. நேர்காணலும், அந்த ஆண்டுகளின் வாசகர் கடிதங்களும் உதவும்.

இயலின் தலைப்பை "இதழ்ச் சிறுகதைகளில் தந்தையின் சித்திரிப்பு, 1960-2019" என்று வைத்துக்கொண்டால், நீங்கள் நிறுவியதைவிட அதிகமாக அது எதையும் கோராது. தந்தை இருந்தும் கதையில் எதுவுமே செய்யாத இடங்களுக்கும், தந்தையே வராத குடும்பக் கதைகளுக்கும் தனிக் குறியீடு வையுங்கள். இப்போதுள்ள நான்கு வகைகளில் அவற்றுக்கு இடமில்லை. குறியீட்டுக் கையேட்டின் வரைவு முடிந்ததும், எல்லைக்கோட்டில் நிற்கும் பத்துக் கதைச் சூழல்களோடு இங்கே பதிவிடுங்கள். நாங்களும் தனித்தனியே குறியிட்டு அனுப்புகிறோம்.