ஜெனரேட்டர் மூச்சு வாங்குகிறது, பேட்டரி நிறையவே மாட்டேன் என்கிறது

மேட்டுக்காடு:

மின்கம்பம் வராத இடத்தில் வீடு கட்டிக் குடியேறி ஓராண்டு ஆகிறது. கூரையில் ஒன்றரை கிலோவாட் சோலார் தகடுகள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட். சார்ஜரும் உள்ளேயே இருக்கும் 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர். மழைக்காலத்துக்கென்று ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். அதன் மேல் 2.8 கே.வி.ஏ. என்று பெரிய எழுத்திலும், தொடர்ந்து ஓட 2.5 என்று பொடி எழுத்திலும் போட்டிருக்கிறது.

வெயில் நாட்களில் ஒரு குறையும் இல்லை. மூன்று நாள் மூட்டம் போட்டால் தொல்லை தொடங்குகிறது. கயிற்றை இழுத்து ஜெனரேட்டரை ஓட்டுகிறேன். இன்வெர்ட்டருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், சார்ஜர் ஏறத் தொடங்குகிறது. பத்து வினாடிக்குள் எஞ்சின் முக்குகிறது, விளக்குகள் மங்குகின்றன, மறுபடி 'டக்', சார்ஜர் கழன்றுகொள்கிறது. பாரம் இறங்கிய எஞ்சின் உறுமி வேகமெடுக்கிறது. அரை நிமிடம் கழித்து எல்லாம் முதலிலிருந்து. நேற்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் 41 முறை. ஒரு லிட்டர் பெட்ரோல் போனது, பேட்டரி 49.1 வோல்ட்டிலிருந்து 49.4-க்கு வந்தது.

விற்றவரைக் கேட்டால் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் பேட்டரிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு லித்தியத்துக்கு மாறச் சொல்கிறார். இரண்டில் எது?

வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ், ஆறு விளக்குகள், மூன்று மின்விசிறிகள், கணினி, நாளுக்கு அரை மணி நேரம் ஓடும் ஒரு குதிரைத்திறன் கிணற்று மோட்டார். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 3 யூனிட். பேட்டரியில் 7.2 யூனிட் இருக்கிறது. இரண்டு நாளாவது தாங்க வேண்டாமா? முதல் இரவிலேயே சிவப்பு விளக்கு எரிகிறது. ஜெனரேட்டரை மழையில் நனையவிடாமல் பின்பக்கத் தாழ்வாரத்தில்தான் வைத்திருக்கிறேன், மூன்று பக்கமும் சுவர், மேலே கூரை. அதனால் ஈரம் ஏறியிருக்க வாய்ப்பில்லை.

தகரக்கொட்டகை:

மற்றவற்றைப் பிறகு பேசலாம். மூன்று பக்கம் சுவர் உள்ள தாழ்வாரத்தில் ஜெனரேட்டரை இனி ஒருமுறைகூட ஓட்டாதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும்; எழுந்து வெளியே போக வேண்டும் என்று தோன்றும் நேரத்தில் கால் ஒத்துழைக்காது. தாழ்வாரத்துக் கதவு திறந்திருந்தால் வீட்டுக்குள் தூங்குகிறவர்களுக்கும் அதே கதிதான்.

வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சன்னலோ கதவோ இல்லாத திசையில் புகைக்குழாய் இருக்கும்படி வையுங்கள். நனையாமல் இருக்க நான்கு கால் நட்டு மேலே தகரம் போட்டால் போதும், பக்கச் சுவர் கூடாது. படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றை மாட்டுங்கள்.

நீலவானம்:

நான் லித்தியம் கட்சி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் பதினாறைத் தொடராகக் கோத்தால் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 5.1 யூனிட். அதில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். உங்களுடைய ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுளைத் தின்கிறீர்கள். தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது, கொடுக்கிற மின்னோட்டத்தை ஏறக்குறைய நிறையும்வரை மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். உறைநிலைக்குக் கீழே மட்டும் சார்ஜ் ஏற்றக் கூடாது.

பழைய காயில்காரன்:

நீலவானம் தம்பி சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இந்த வீட்டின் நோய்க்கு அது மருந்து இல்லை. லித்தியம் பூட்டினாலும் இதே ஜெனரேட்டர் இதே சார்ஜருக்கு முன்னால் இதே போலத்தான் 41 முறை முக்கும்.

முப்பது ஆண்டுகள் மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் காயில் கட்டிய கை இது. கருகிப் போய் வந்தவற்றில் பாதி, ஓட்டியவரின் கணக்குப் பிழையால் கருகியவை. ஆகவே கணக்கிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இன்வெர்ட்டரின் அமைப்பைத் திறந்து, சார்ஜ் மின்னோட்டம் எவ்வளவு என்று பாருங்கள். தொழிற்சாலையில் வைத்தபடியே 60 ஆம்பியர் இருக்கும் என்பது என் ஊகம். 60 ஆம்பியரை 56 வோல்ட்டால் பெருக்கினால் 3360 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் ஜெனரேட்டரிடம் 3800 வாட் கேட்கிறது. அதற்கு மேல் பவர் ஃபேக்டர் என்று ஒன்று இருக்கிறது, இழுக்கும் கே.வி.ஏ.வில் எத்தனை பங்கு வாட்டாக வேலை செய்கிறது என்ற கணக்கு. மலிவான சார்ஜர்களில் அது 0.7 அளவுக்குக்கூட இறங்கும். அப்படியானால் 5 கே.வி.ஏ.வுக்கும் மேல். 2.5 கே.வி.ஏ. பிள்ளையின் தோளில் இரண்டு ஆள் பாரம். சக்தி போதாமல் எஞ்சின் வேகம் 3000 சுற்றிலிருந்து இறங்க, 50 ஹெர்ட்ஸும் கூடவே இறங்க, 'இது நல்ல மின்சாரம் இல்லை' என்று இன்வெர்ட்டர் கையை உதறிவிடுகிறது. அதுதான் உங்கள் இரண்டாவது 'டக்'.

முதல் 'டக்' இன்னும் முக்கியம். ஜெனரேட்டர் மின்சாரம் வந்தவுடன் இன்வெர்ட்டர் உள்ளே ரிலேயை மாற்றி, வீட்டுப் பாரம் முழுவதையும் நேராக ஜெனரேட்டரின் தலையில் கட்டிவிடுகிறது. சார்ஜர் மட்டும் ஓடுகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கையில் ஃபிரிட்ஜ், விசிறி, எல்லாமே அங்கேதான் தொங்குகின்றன. கிணற்று மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஆகவே ஜெனரேட்டர் ஓடும்போது மோட்டாரைப் போடவே வேண்டாம். வெயில் இருக்கிற நாளில் நண்பகலில் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். தண்ணீரைச் சேமிப்பது மின்சாரத்தைச் சேமிப்பதைவிட எளிது. நிறையாமல் கிடக்கும் பேட்டரிக்கு வரும் சல்ஃபேஷன் நோய் தொட்டிக்கு வராது.

சார்ஜ் மின்னோட்டத்தை 20 ஆம்பியருக்கு இறக்குங்கள். அப்போது ஜெனரேட்டர் மேல் 1.8 கே.வி.ஏ. அளவுதான் விழும், ஃபிரிட்ஜுக்கும் இடம் மிஞ்சும். ஜெனரேட்டருக்காக மட்டும் சொல்லவில்லை. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்குவரைதான் அளவு, அதாவது 15 முதல் 20 ஆம்பியர். 60 ஆம்பியரை ஜெனரேட்டர் கொடுத்துத் தொலைத்திருந்தால் பேட்டரி கொதித்திருக்கும். உங்கள் ஜெனரேட்டர் சின்னதாக இருந்ததால் பேட்டரிகள் பிழைத்தன. 5 கே.வி.ஏ. வாங்கச் சொன்னவர் பேட்டரிக் கடையும் வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

சில இன்வெர்ட்டர்களில், உள்ளே வரும் மின்சாரத்தின் தரத்துக்கு இரண்டு வரம்புகள் இருக்கும், கணினிக்கென்று குறுகலானது, வீட்டுச் சாதனங்களுக்கென்று அகலமானது. ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்கு அகலமானதுதான்.

அடுத்து, சிவப்பு விளக்கு. 7.2 யூனிட் என்பது பேட்டரியின் மேல் ஒட்டிய தாளில் இருப்பது. பாதிதான் உங்களுடையது, 3.6. அதுவும் மெதுவாக எடுத்தால். வேகமாக எடுத்தால் ஈய-அமில பேட்டரி சுருங்கிக் காட்டும் என்பதை 1897-லேயே பாய்க்கெர்ட் என்பவர் சூத்திரமாக எழுதிவைத்துவிட்டார். செலவுப் பக்கத்தில் நீங்கள் எழுதாத ஆள் ஒருவர் இருக்கிறார்: இன்வெர்ட்டரேதான். ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் இந்த அளவு இன்வெர்ட்டர் தன் வயிற்றுக்கு 50 வாட் எடுத்துக்கொள்ளும். 24 மணி நேரத்துக்கு 1.2 யூனிட், உங்கள் ஃபிரிட்ஜ் தின்பதற்குச் சமம். ஆகச் செலவு 3 அல்ல, 4.2. வரவு 3.6. சிவப்பு விளக்கு உண்மையைத்தான் சொல்கிறது.

ஜெனரேட்டரை எப்போது ஓட்டுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈய-அமில பேட்டரி வாய் குறுகிய குடம் மாதிரி. முதல் முக்கால் பங்கு கடகடவென்று இறங்கும், கடைசிக் கால் பங்கைச் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும். அந்தச் சொட்டுக்காக எஞ்சினை ஓட்டுவது பெட்ரோலைக் காற்றில் விடுவது. மாலையில் ஓட்டாதீர்கள், விடிகாலையில் ஓட்டுங்கள். மூன்று மணி நேரத்தில் கடகடப் பகுதியை முடித்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். மூட்டமாக இருந்தாலும் பகல் முழுக்கத் தகடுகள் கொடுக்கும் கொஞ்சநஞ்சம் அந்தச் சொட்டு வேலைக்குப் பொருந்தும். ஆனால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது முழுதாக நிறைய வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்படும், அதுதான் சல்ஃபேஷன்.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். அமிலத்தின் அடர்த்தியை அளந்து செல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று, ஒரு மல்டிமீட்டர், கம்பியைக் கவ்வி மின்னோட்டம் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்று, சூடு காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று. 24 செல்லையும் ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள், கண்ணாடி மாட்டிக்கொண்டு, அது அமிலம். பிறகு இஸ்திரிப் பெட்டியையும் மோட்டாரையும் சேர்த்து ஓட்டிவிட்டு, பேட்டரிக் கேபிள் முனைகளை ஒவ்வொன்றாக வெப்பமானியால் பாருங்கள்.

மேட்டுக்காடு:

பதினெட்டு நாள் ஆகிறது, சொன்னபடி எழுதுகிறேன்.

ஜெனரேட்டரை முதல் நாளே நகர்த்திவிட்டேன். வேலிப் பக்கம், 30 அடி தள்ளி, நான்கு கம்பும் ஒரு தகரமும். தகரக்கொட்டகை அவர்களுக்கு என் மனைவி தனியாக நன்றி சொல்லச் சொன்னார். ஜெனரேட்டர் ஓடும் நாட்களில் அவருக்கு வரும் தலைவலிக்கு நாங்கள் சத்தத்தைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சார்ஜர் அமைப்பில் இருந்தது சரியாக 60. இருபதாக்கினேன். விடிகாலை ஐந்து மணிக்கு ஓட்டி எட்டுக்கு நிறுத்தினேன். ஒருமுறைகூட 'டக்' இல்லை. எஞ்சின் ஒரே சுருதியில் ஓடியதைக் கேட்கக் கேட்க எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஹைட்ரோமீட்டரில் மூன்று பேட்டரிகள் 1.240-க்கும் 1.250-க்கும் இடையே. நான்காவதில் ஐந்து செல்கள் 1.230, ஒரு செல் மட்டும் 1.170. அதைக் கழற்றி, சின்ன 12 வோல்ட் சார்ஜரில் தனியாக இரண்டு நாள் போட்டேன். இப்போது 1.225-க்கு வந்திருக்கிறது.

கேபிள் முனைகளில் ஏழு 34 டிகிரி காட்டின. இரண்டாவது பேட்டரிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உள்ளது 71. மல்டிமீட்டரை அந்த இணைப்பின் இரு பக்கமும் வைத்தால் 40 ஆம்பியர் போகையில் 0.45 வோல்ட் விழுந்தது. நட்டை முறுக்கினேன், குறையவில்லை. கழற்றிப் பார்த்தால் முனையைக் கேபிளோடு சுத்தியலால் தட்டி நசுக்கியிருக்கிறார்கள். உள்ளே பாதிக் கம்பிகள் முனையைத் தொடவே இல்லை, ஓரத்து ரப்பர் பழுப்பேறியிருந்தது.

பழைய காயில்காரன்:

0.45 வோல்ட்டை 40-ஆல் பெருக்குங்கள், 18 வாட். சின்னப் பற்றவைப்புக் கோல் ஒன்றைப் பேட்டரிக்குப் பக்கத்தில் சொருகி, ஓராண்டாக அணைக்காமல் வைத்திருந்திருக்கிறீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும் பேட்டரிக்குப் பக்கத்தில். நீங்கள் அளந்தது நல்லதாயிற்று. அந்த முனையை முறுக்கிப் பயனில்லை. புதிய முனை போட்டு, ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி உள்ளவரிடம் நசுக்கச் சொல்லுங்கள். மற்ற ஏழையும் கட்டியது அதே சுத்தியல்தானே, அவற்றையும் மாற்றுங்கள். இழந்த அரை வோல்ட் திரும்பக் கிடைத்தால் சிவப்பு விளக்கும் கொஞ்சம் தாமதமாக எரியும்.

பேட்டரி வரிசையின் நேர்முனைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை.

மேட்டுக்காடு:

ஃபியூஸ் இருக்கிறது, 125 ஆம்பியர். முனைகளை மாற்ற வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார். கடைசியாக ஒன்று. வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். ஜெனரேட்டரில் ஓடும்போதும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறது. ஆகவே ஷாக் பற்றிக் கவலைப்பட வேண்டாம் அல்லவா?

பழைய காயில்காரன்:

கவலைப்பட வேண்டும். டெஸ்ட் பொத்தான், பெட்டிக்குள்ளேயே ஒரு மின்தடை வழியாக ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்குக் கொஞ்சம் மின்னோட்டத்தைக் கசியவிடும். அதற்கு எர்த்தே தேவையில்லை, எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானுக்கு விழும். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் மிதக்க விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் ஃபிரிட்ஜின் உடம்பில் ஃபேஸ் தொட்டாலும் மின்னோட்டம் திரும்பிப் போக வழி இருக்காது, ஆர்.சி.சி.பி. அசையாது. முதல் கசிவு சத்தமில்லாமல் கிடக்கும், இரண்டாவது கசிவு வரும்போதுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை வருகிறவர் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் என்றால் அவரிடமே சொல்லுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது ஒருமுறை, ஜெனரேட்டரில் ஓடும்போது ஒருமுறை, நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேர வேண்டும். பொத்தானை நம்பாமல், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கசியவிட்டுச் சோதிக்கும் கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.