பி.எஸ்சி. படிக்கும்போதே வானியல் ஆய்வு செய்ய வழி உண்டா?

கேள்வி: வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் வானியல் ஆள் யாரும் இல்லை. வானாய்வகம் இருக்கும் காவலூர் பக்கம்தானே, அங்கே நேரில் போய்க் கேட்டால் சேர்த்துக்கொள்வார்களா?

பதில் 1: தம்பி, காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருந்தாலும் அதை நடத்துவது பெங்களூருவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம், ஆய்வாளர்களும் பெரும்பாலும் அங்கேதான், அதனால் ஆய்வில் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் மெயில் அங்கே போகட்டும். அப்புறம் இந்திய அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. அதற்கு முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரலில் தேடிப் பயனில்லை.

பதில் 2: "வானியல் பிடிக்கும்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டு, புறக்கோள்களை (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை) தேடும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவை இறக்கி (இலவசம்தான்), தெரிந்த ஒரு புறக்கோள் தன் விண்மீனைக் கடக்கையில் ஒளி எவ்வளவு குறைகிறது என்று வரைந்து பாருங்கள். அந்தப் படத்தை மெயிலோடு இணையுங்கள். சூரியன்தான் பிடிக்கும் என்றால், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. என் லேப்டாப் 4 ஜிபி தான், தாங்குமா?

பதில் 2: கூகுள் கோலாபில் ஓட்டுங்கள், நிரல் கூகுளின் கணினியிலேயே ஓடும், உங்கள் லேப்டாப்பில் பிரவுசர் இருந்தால் போதும்.