கொரிய கிராமத்து நீலக் கூரைகள்: விவரம் கேட்டுச் சொல்ல முடியுமா?

வணக்கம். சியோலிலிருந்து தென்மேற்குத் துறைமுக நகரான மொக்போவுக்கு ரயிலில் போனபோது, வயல்களுக்கு நடுவே ஊர் ஊராக நீலக் கூரைகள். இடையிடையே செங்காவி, பச்சை. இறங்கி நடந்த ஒரு தெருவில் நீலப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, அடியில் சாம்பல் நிற சிமென்ட் ஷீட் தெரிந்தது. அதிலிருந்து இதே நினைப்புதான்.

1970இல் அன்றைய தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ தொடங்கிய சேமாவுல் (புதிய கிராமம்) இயக்கத்தில் வைக்கோல் கூரைகளை மாற்றி, ஷீட்டும் ஓடும் போட்டு வண்ணம் பூசினார்கள். கொரிய ஐந்நிற மரபில் நீலம் கிழக்கு, சிவப்பு தெற்கு. ஆனால் அந்த ஐந்து நிறங்களில் கட்டடங்களுக்குச் செய்யும் வண்ண வேலைப்பாடு அரண்மனைக்கும் புத்தர் கோயிலுக்கும் உரியது, குடியானவர் வீட்டுக்கு அல்ல. அதனால் இந்தக் கூரைகளையும் அந்த மரபையும் முடிச்சுப் போட எனக்கு மனம் வரவில்லை. பன்வோல், பக்ஜி தீவுகளின் ஊதாக் கூரைகள் சுற்றுலாவுக்காக வந்தவை, அது வேறு கதை.

கொரியாவில் பண்ணைகளில் வேலை பார்ப்பவர்கள், கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள் யாராவது பக்கத்து வீட்டுப் பாட்டி, தாத்தாவிடம் கேட்டுச் சொல்லுங்களேன்: நிறத்தை அவர்களே தேர்ந்தெடுத்தார்களா, ஊர்த் தலைவர் சொன்னாரா, கடையில் கிடைத்ததா? அப்புறம், பழைய போட்டோ இருந்தால் அவர்களிடம் அனுமதி வாங்கி இங்கே போடுங்கள். அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது, சீக்கிரம் கேட்டால் நல்லது.