ஆச்சி தந்த கருங்கத்திரி வெளுக்கிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் வீட்டுப் பின்கட்டில், செம்மண்ணில் தோட்டம் போட்டிருக்கிறேன். கத்திரி விதை எங்கள் ஆச்சி சாம்பலில் புரட்டி வைத்திருந்தது. முதல் பறிப்பில் காய் கறுகறுவென்று மின்னியது. சித்திரை பிறந்ததும் நிறம் மங்கி, அடிப்பக்கம் பித்தளை போல் ஆகிறது. முற்றவும் விடுவதில்லை, பிஞ்சாகவே பறிக்கிறேன்.

கருநிறம் ஆந்தோசயனின் நிறமியால் வருவது, அதற்கு வெளிச்சம் வேண்டும். காம்படியில் இருக்கும் பச்சைத் தொப்பியைத் தூக்கிப் பார்த்தேன், வெளிச்சம் படாத அந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஆனால் கடும் வெப்பமும் அதே நிறமியைக் குறைக்குமே! நிழல்வலை கட்டினால் நிறம் திரும்புமா, இன்னும் வெளுக்குமா? நம் பக்கத்து வெயிலில் கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே பச்சைக் கத்திரியும் நிற்கிறது. அதன் மகரந்தம் கலந்துவிடாமல் இருக்க, விதைக்கென்று விட்ட பூக்களில் தேனீ புகாமல் துணிப்பை கட்டியிருக்கிறேன். அது போதுமா? இந்த விதை என்னோடு நின்றுவிடக் கூடாது.

அப்புறம், கருநீல அடுக்குச் சங்குப்பூ, ஊதா அவரை நாட்டு விதை யாரிடமாவது இருந்தால் கொஞ்சம் கொடுங்கள். பதிலுக்குக் கருந்துளசி நாற்று தருகிறேன், நிறையவே இருக்கிறது.