ஏரி வீடு (குடும்பம் மட்டும்)

பாலு சித்தப்பா: (படம்) (படம்) (படம்)
பாலு சித்தப்பா: முருகேசன் அனுப்பியது. ராத்திரி மழையில் கீழ்ச் சுவர் போய்விட்டது

செல்வி அத்தை: ஐயோ முருகா

வித்யா சிங்கப்பூர்: பேரிக்காய் மரம் பக்கமா?

பாலு சித்தப்பா: அதேதான். மரமும் சாய்ந்து நிற்கிறது

அப்பா: (படம்) இனிய காலை வணக்கம்

நான்: அப்பா, மேலே படியுங்கள்

கார்த்தி: கீழ் பங்களாவில் யாருக்கும் ஒன்றும் இல்லையே?

பாலு சித்தப்பா: ஆளுக்கு ஒன்றும் இல்லை. மண் அவர்கள் கார் ஷெட் வரை போயிருக்கிறது. ஐந்தரை மணிக்கே போன் போட்டுக் கத்திவிட்டார்

கார்த்தி: முதலில் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள் சித்தப்பா. இன்றைக்கும் மழை இருக்கிறது

பாலு சித்தப்பா: போட்டாயிற்று

பெரியப்பா: எல்லோரும் கவனமாகப் படிக்கவும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல் நொறுங்கவில்லை, சுவர் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்திருக்கிறது. பின்னால் தண்ணீர் தேங்கித் தள்ளினால்தான் இப்படி விழும். எங்கள் அப்பா கட்டியது சாந்து வைக்காத கருங்கல் அடுக்கு. இடுக்கு வழியாகத் தண்ணீர் தானே வடிந்துவிடும். 2018இல் கஜா வந்தபோது மலையில் எங்கெங்கோ சரிந்தது, இது அசையவில்லை. அதற்கப்புறம் யாரோ அழகுக்காக முன்பக்கம் முழுக்க சிமென்ட் பூசி, ஒரு துளைகூட விடாமல் அடைத்தார்கள். போதாததற்கு மேலே புது பாத்ரூம் கட்டி, கூரைத் தண்ணீரையும் சுவருக்குப் பின்னாலேயே இறக்கியிருக்கிறது.

பாலு சித்தப்பா: யாரோ என்ன யாரோ. பெயர் போட்டே எழுதுங்கள் அண்ணே
பாலு சித்தப்பா: பாத்ரூம் கேட்டது யார் என்பதையும் சேர்த்து

செல்வி அத்தை: முட்டி வலி, கீழே உட்கார முடியவில்லை என்று சொன்னேன். சுவரைப் பூசச் சொன்னேனா?

அப்பா: 👍

செல்வி அத்தை: இது எதற்கு அண்ணே?

அப்பா: தார்ப்பாய்க்கு

பாலு சித்தப்பா: சரி விடுங்கள். பழைய மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். ஜேசிபி வைத்து மண்ணை வாரி, 14 அடிக்கு ஒரே கான்கிரீட் சுவர். கார்த்திகைக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார்

பெரியப்பா: ஜேசிபி பேச்சே வேண்டாம். கொடைக்கானலில் அனுமதி வாங்காமல் அதை இறக்கினால் வண்டியையும் பிடிப்பார்கள், நம் மேலும் வழக்கு வரும். 2019இல் கோர்ட் உத்தரவில் ஊரில் எத்தனை கட்டடத்துக்கு சீல் வைத்தார்கள், மறந்துவிட்டதா? நகராட்சியில் வரைபடம் கொடுக்க வேண்டும். சரிவான மலை நிலம் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை, கனிமவளத் துறை என்று ஒவ்வொரு தடையில்லாச் சான்றாகக் கேட்பார்கள்.

பாலு சித்தப்பா: இருந்த சுவரைத் திரும்ப வைக்கிறோம். இது ரிப்பேர். ரிப்பேருக்கு எதற்கு அனுமதி

பெரியப்பா: அதே இடம், அதே 12 அடி, அதே கல் என்றால் அப்படி வாதாடிப் பார்க்கலாம். 14 அடி கான்கிரீட்டை யார் ரிப்பேர் என்று ஒத்துக்கொள்வார்கள்? எனக்குக் கான்கிரீட் மேல் கோபம் இல்லை. ஆனால் அந்த மண்ணில் ஒரே சுவர் வேண்டாம். ஆறடி ஆறடியாக இரண்டு படி, நடுவில் நல்ல அகலமாகத் திட்டு. சுவரின் அடிப்பக்க அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. பின்னால் ஒரு அடிக்கு ஜல்லி, ஐந்தடிக்கு ஒரு 4 இஞ்ச் பைப். மேலே ஓடை வெட்டி பாத்ரூம் தண்ணீரைத் தனியாகத் திருப்ப வேண்டும்.

கார்த்தி: அப்பா, இரண்டு படி என்றால் அதுவும் பழைய சுவர் இல்லையே

பெரியப்பா: அதனால்தான் அனுமதி என்கிறேன்

கார்த்தி: கம்பி வலைக்குள் கல்லைப் போட்டு அடுக்குகிறார்களே, அது?

பெரியப்பா: கேபியன். தண்ணீர் தேங்காது, நல்லதுதான். இடம் அதிகம் பிடிக்கும்

செல்வி அத்தை: கோழிக்கூண்டு மாதிரி இருக்கும். வேண்டாம்

பெரியப்பா: இன்னொன்று. வாரிய மண்ணைச் சரிவில் தள்ளிவிடாதே பாலு. அடுத்த மழையில் நேராக ஏரிக்குப் போகும். 1863இல் லெவிஞ்ச் துரை அணை போட்டு உண்டாக்கிய ஏரி அது, நம் மண்ணைக் கொட்டுவதற்கு இல்லை

பாலு சித்தப்பா: லெவிஞ்ச் வந்துவிட்டார். இனி மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகும்

பெரியப்பா: சுவர் முன்பே இருந்தது என்று காட்ட யாரிடமாவது பழைய போட்டோ இருக்கிறதா?

வித்யா சிங்கப்பூர்: (படம்)
வித்யா சிங்கப்பூர்: அம்மா ஆல்பத்தில் இருந்தது. ஆச்சிக்குப் பின்னால் தெரிவது அந்தச் சுவர்தானே

கார்த்தி: ஆச்சி ஸ்வெட்டர் 😀

அம்மா: பக்கத்தில் இருக்கிற பித்தளை அண்டா இப்போது எங்கே?

செல்வி அத்தை: அதை நானும் ரொம்ப நாளாகக் கேட்கிறேன் அண்ணி

பாலு சித்தப்பா: சுவரைப் பற்றிப் பேசுவோமா

அம்மா: சும்மா கேட்டேன்

நான்: விண்ணப்பம் யார் பெயரில் போடுவது?

நான்: பட்டா இன்னும் தாத்தா பெயரில்தானே இருக்கிறது?

கார்த்தி: ம்

பெரியப்பா: வாரிசுச் சான்றிதழ் வைத்து நாலு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறேன்

செல்வி அத்தை: கையெழுத்துக்கு நாலு பேர். பிளம்ஸ் காசு வரும்போது மூன்று பேர்

பாலு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: படித்துவிட்டேன் பாலு

பெரியப்பா: செல்வி, இது பங்குப் பேச்சு இல்லை

செல்வி அத்தை: எப்போதுதான் அண்ணே அந்தப் பேச்சு? முதலில் பட்டாவை நாலு பேர் பெயரில் மாற்றுங்கள். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்

அம்மா: செல்வி சொல்வதும் நியாயம்தானே

அப்பா: 👍

கார்த்தி: சனிக்கிழமை யாராவது போய்ப் பார்க்கலாமா? கார் என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும்

பெரியப்பா: பஸ்ஸுக்கு வேண்டாம். வத்தலக்குண்டில் மாறிக்கொள்ளலாம்

கார்த்தி: உங்கள் முதுகுக்கு பஸ்ஸா? நான் பாஸ் எடுக்கிறேன்

அம்மா: போகிறவர்கள் மலைப்பூண்டு ஒரு கிலோ

வித்யா சிங்கப்பூர்: கீழ் பங்களாக்காரர் செலவில் பாதி தருவாரா? அவர் வீட்டையும் அந்தச் சுவர்தானே காத்தது

பாலு சித்தப்பா: நீயே போன் பண்ணிக் கேள் கண்ணு

பாலு சித்தப்பா: சனி எனக்கு முகூர்த்தம். ஞாயிறு பார்க்கலாம். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் வேறு கொடுத்துவிட்டேன்

பெரியப்பா: யாரைக் கேட்டு?

பாலு சித்தப்பா: ஒரு நிமிடம், முருகேசன் கூப்பிடுகிறார்

பாலு சித்தப்பா: நகராட்சியிலிருந்து ஒருவர் பார்க்க வந்திருக்கிறாராம். ஓனர் பெயர், நம்பர் கேட்கிறார். யாரைச் சொல்ல?

பெரியப்பா: என் நம்பரைக் கொடு. ரிட்டையர்டு ஹைவேஸ் எஞ்சினியர் என்று சொல்லச் சொல்

செல்வி அத்தை: என் நம்பரையும் கொடு