நெஞ்சு இறகைப் பிடுங்கிக்கொள்ளும் காக்கட்டூ: என்ன செய்வது?

வெண்கொண்டை எழுதியது:

எங்கள் பனிக்கு ஒன்பது வயது. அம்பரெல்லா காக்கட்டூ (கொண்டையுள்ள வெள்ளைக் கிளி வகை), ஆண். மூன்று வாரமாக நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறான். நேற்றுக் காலை கூண்டுத் தட்டைத் துடைக்கும்போது பதினேழு இறகுகளை எண்ணினேன். சிலவற்றின் காம்பு மென்று நைந்து நார் நாராகப் பிரிந்திருந்தது. நெஞ்சின் நடுவில் வெறும் தோல் தெரிகிறது.

சாயங்காலமானால் வீடு அதிரக் கத்துகிறான். கூண்டின் மேல் போர்வை போட்டால் கத்தல் இன்னும் கூடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன்புவரை நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பகல் முழுக்க என் தோளில்தான் இருப்பான். இப்போது அலுவலகம் போகிறேன். திரும்பி வந்ததும் மடியில் வைத்து ஒரு மணி நேரம் முதுகைத் தடவிக்கொடுக்கிறேன். சாப்பாடு சூரியகாந்தி விதையும் வேர்க்கடலையும்தான். வேறு எதை வைத்தாலும் கீழே தள்ளிவிடுகிறான். அலகு நெஞ்சை எட்டாதபடி கழுத்தில் வளையம் மாட்டச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

கிளைநிழல்:

தலையிலும் கொண்டையிலும் இறகு சரியாக இருக்கிறதா? அலகு மாவு பூசியதுபோல் சாம்பல் பூத்திருக்கிறதா, அல்லது கறுத்து மின்னுகிறதா?

வெண்கொண்டை:

தலையில் ஓர் இறகுகூடக் குறையவில்லை. அலகு சாம்பல் பூத்துத்தான் இருக்கிறது. தொட்டால் விரலில் பொடி ஒட்டுகிறது.

கிளைநிழல்:

அப்படியானால் கொஞ்சம் ஆறுதல். சர்கோவைரஸால் வரும் அலகு-இறகு நோயில், இறகுப் பொடி குறைந்து அலகு பளபளப்பாகிவிடுவது உண்டு. கொண்டை இறகும் கெடும். தன் அலகு எட்டாத தலை மட்டும் முழுதாக இருந்தால், பறவை தானே பிடுங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனாலும் பறவை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். துத்தநாகப் பூச்சுக் கூண்டானால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பதினான்கு வருடத் துணை:

என் காக்கட்டூவும் இதே இடத்தைத்தான் பிடுங்கினாள். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த ஒரு மணி நேரத் தடவல். அன்போடுதான் செய்கிறீர்கள், ஆனால் இன்றே நிறுத்துங்கள். முதுகையும் இறக்கையின் அடியையும் தடவுவது காக்கட்டூவுக்கு இணை சேரும் அழைப்பு. உங்களை இணையாக நினைத்துத் தவிக்கும் பறவையைக் காலையில் தனியே விட்டுப் போகிறீர்கள். தலையையும் கன்னத்தையும் மட்டும் சொறிந்துவிடுங்கள்.

கத்தலுக்குப் போர்வை தண்டனையாகத்தான் படும். காட்டில் விடியும்போதும் பொழுது சாயும்போதும் கூட்டம் ஒன்றையொன்று கூப்பிடும். அவன் கூட்டம் நீங்கள்தான். அந்த நேரத்துக் கத்தல் அடியோடு நிற்காது, குறையத்தான் குறையும். நான் செய்தது இது: அவள் மெல்லக் குரல் கொடுத்தவுடன், எந்த அறையில் இருந்தாலும் ஒரே மாதிரி இரண்டு சீழ்க்கை அடித்துப் பதில் சொல்வேன். அலறும்போது ஓடிப் போகவும் மாட்டேன், அதட்டவும் மாட்டேன். முதல் பத்து நாள் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு அவளே இரண்டு சீழ்க்கை அடித்துவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருக்கத் தொடங்கினாள்.

அடுத்தது பகல். காட்டுப் பறவைக்கு இரை தேடுவதே பெரும்பொழுது வேலை. பனிக்குக் கிண்ணம் நிறைய விதை; பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அலகு சும்மா இருக்குமா? சாயம் பூசாத மரத்துண்டு, அட்டைப்பெட்டி, தாளில் முடிந்த ஒரே ஒரு கடலை என்று வேலை கொடுங்கள். முதலில் அவன் பார்க்கும்போதே முடிந்து காட்டுங்கள்.

கொழுப்பு மிகுந்த விதை மட்டுமே தின்றால் ஈரல் கெடும், வைட்டமின் ஏ குறையும். பெல்லட் உணவு (சத்துகளைக் கலந்து சிறு உருண்டையாக்கிய பறவைத் தீனி), காரட், கீரை என்று மெல்ல மாற்றுங்கள். பட்டினி போட்டு மாற்றக் கூடாது. தினமும் காலையில் தராசில் வைத்து எடையைக் கிராமில் குறித்துவாருங்கள். அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு. இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும்.

வளையம் பிடுங்குவதைத் தடுக்கும், காரணத்தைத் தீர்க்காது. தோலைக் கடித்துப் புண்ணாக்கினால் மட்டும், மருத்துவர் சொன்னால் மாட்டுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் அங்கே இறகு முளைக்காமலே போகலாம். என்னவளுக்கு ஒரு விரல் அகலம் அப்படியே நின்றுவிட்டது. நான் தாமதித்ததால் வந்தது அது, நீங்கள் தாமதிக்காதீர்கள்.

மழைத்துளி:

சமையலறைப் பக்கம் கூண்டு இருந்தால் மாற்றிவிடுங்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அதிகமாகச் சூடேறினால் வரும் புகை, நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

வெண்கொண்டை, ஆறு வாரம் கழித்து:

பரிசோதனையில் நோய் எதுவும் இல்லை. தடவலை நிறுத்தியதும் முதல் வாரம் என் விரலைக் கடித்தான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது தட்டில் நாளுக்கு இரண்டு, மூன்று இறகுகள்தான். காரட்டைத் தொடுகிறான், கீரையை இன்னும் தள்ளுகிறான். நெஞ்சின் ஓரத்தில் முள்போல நான்கு புது இறகு முளைகள்; அடியில் நீலமாக ரத்தம் தெரிகிறது. குளிக்க வைக்கலாமா?

பதினான்கு வருடத் துணை:

வைக்கலாம். வெதுவெதுப்பான நீரைத் தூவலாக மேலே விழும்படி தெளியுங்கள், தேய்க்காதீர்கள். அந்த முளை ஒடிந்தால் ரத்தம் கொட்டும். பகலில் குளிக்க வைத்தால் தூங்குவதற்குள் உலர்ந்துவிடுவான்.